கண்மாய் மறுகா பாயுது, கோடு சைபர்ங்குது

போன ஐப்பசி கடைசியில ஒருநா ராத்திரி அப்பா போன் பண்ணாரு. மேலூர் பக்கம் எங்க ஊர்ல நல்ல மழை, அது விட்டு மூணு நாளாச்சு, கண்மாய் நெறஞ்சு கலுங்குல மறுகா போய்க்கிட்டிருக்கு, பிள்ளைக பூராம் துண்டையும் கொசுவலையையும் தூக்கிக்கிட்டு மீனு பிடிக்க அங்கிட்டுத்தான் கெடக்குதுக, இந்த வருசம் நடவுக்கு பயமில்லன்னு மூச்சு விடாம சொன்னாரு. நான் அந்நேரம் டிபார்ட்மென்ட்டுல உக்காந்து அதே கண்மாயோட சாட்டிலைட் படத்ததான் ஓட்டிக்கிட்டிருந்தேன். முந்தின நாள் எடுத்த படம், துளி மேகம் இல்ல. ஸ்க்ரீன்ல வந்த நம்பர், நீர்ப்பரப்பு 0.0 ஹெக்டேர்.

எரர் இல்ல, வார்னிங் இல்ல. நாங்க எழுதுன புரோகிராம், அதத்தான் கோடுன்னு சொல்வோம், ஓடி முடிஞ்சு அழகா ஒரு டேபிள் போட்டு நிக்குது. வண்டியூர் 0.0, மாடக்குளம் 0.0, நிலையூர் 0.0, எங்க ஊரு 0.0. அப்பா போன்ல இன்னும் பேசிக்கிட்டிருக்காரு, எனக்கு காதுல ஒண்ணும் ஏறல.

நாங்க பண்ற வேலைய கொஞ்சம் சொல்லிர்றேன். செண்டினல்-2 சாட்டிலைட் படம் இலவசமா கெடைக்கும், ஜோடியா சுத்துறதால அஞ்சு நாளுக்கு ஒருக்கா நம்ம ஊரு மேல வரும், பச்சை பேண்டும் நியர் இன்ஃப்ராரெட் பேண்டும் 10 மீட்டருக்கு ஒரு பிக்சல். நியர் இன்ஃப்ராரெட்டுன்னா கண்ணுக்குத் தெரியாத ஒளி, தண்ணி அத குடிச்சிரும், பச்சைய கொஞ்சமாச்சும் திருப்பி அனுப்பும், அதனால பச்சையிலருந்து இன்ஃப்ராரெட்ட கழிச்சு ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா தண்ணி இருக்க எடம் பாசிட்டிவா வரும், நெலமும் வயக்காடும் நெகட்டிவா வரும். 1996ல மெக்ஃபீட்டர்ஸ்ங்குறவரு எழுதுன கணக்கு இது, என்டிடபிள்யூஐன்னு சொல்லுவோம். ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், நூறு பிக்சல் எண்ணுனா ஒரு ஹெக்டேர், அம்புட்டுத்தான். மழைக்கு முந்தி, மழைக்கு பிந்தி எந்தக் கண்மாயில எம்புட்டு தண்ணி நிக்குதுன்னு வரிசையா எடுத்து வக்கிறோம். கணக்கு சின்னது. ஆனா ஆறு வருசமா நாலஞ்சு பேரு கைமாறி கைமாறி பைத்தான்ங்குற கம்ப்யூட்டர் மொழியில எழுதுன கோடு, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதிட்டுப் போயிட்டாய்ங்க.

அந்த கோட சுத்தம் பண்ணுவோம்னு ஆரம்பிச்சதுதான் இந்த சைபருக்கு காரணம். ஜூனியர் தம்பி ஒருத்தன் புதுசா சேந்திருந்தான், நல்ல பிள்ளை, சொன்ன வேலைய உசுர குடுத்து செய்வான். கோட படிச்சுட்டு கொறை சொல்ற லின்ட்டர்னு ஒரு டூல் இருக்கு, அத ஓட்டி பாருடா தம்பின்னு நான்தான் சொன்னேன். ஓட்டுனான், முந்நூறுக்கு மேல கம்ப்ளெயின்ட். ஒரு நாள் பூரா உக்காந்து அத்தனையையும் ஒண்ணொண்ணா தீத்துட்டு, அக்கா இப்ப சுத்தமா சைபர் கம்ப்ளெயின்ட்டுன்னு சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னான்.

ராத்திரி ஒன்பதரைக்கு போன போட்டு வரச்சொல்லி ரெண்டு பேருமா தேடுனோம். கண்டுபிடிக்க பதினொண்ணாச்சு. தண்ணி மாஸ்க் ஈக்குவல் ஈக்குவல் ட்ரூன்னு ஒரு வரி இருந்துச்சு, யாரோ எப்பவோ எழுதுனது. மாஸ்க்குன்னா ஒவ்வொரு பிக்சலுக்கும் தண்ணின்னா ட்ரூ, இல்லாட்டி ஃபால்ஸ்னு எழுதி வச்ச பட்டியல். லின்ட்டர் அதுக்கு ஈ712ன்னு ஒரு நம்பர் குடுத்து, ட்ரூவோட இப்படி ஒப்பிடாத, இஸ் ட்ரூன்னு எழுது, இல்லாட்டி வெறுமன வேரியபிள மட்டும் எழுதுன்னு சொல்லும். தம்பி மொத வழிய எடுத்து எல்லா எடத்துலயும் இஸ் ட்ரூன்னு மாத்திட்டான். சாதாரண பைத்தானுக்கு அது பெரிய தப்பில்ல. ஆனா பைத்தான்ல கணக்குப் போடுற நம்பைங்குற லைப்ரரியோட அர்ரேயில, அதாவது அந்த மாதிரி பட்டியல்ல, ஈக்குவல் ஈக்குவல்னா ஒவ்வொரு பிக்சலா போயி நீ ட்ரூவா நீ ட்ரூவான்னு கேக்கும், லட்சம் பிக்சல் இருந்தா லட்சம் பதில் வரும். இஸ்னு போட்டா அது பிக்சல்கிட்டயே போகாது, இந்த மொத்த அர்ரேயும் ட்ரூங்குற அந்த ஒத்தப் பொருளும் ஒண்ணான்னு ஒரே ஒரு கேள்விதான், பதில் எப்பவுமே ஃபால்ஸ். அந்த ஒத்த ஃபால்ஸ வச்சு அர்ரேய வெட்டுனா நம்பை திட்டாது, காலி அர்ரே ஒண்ண எடுத்து நீட்டும். காலிய கூட்டுனா சைபர். மறுகா பாயுற கண்மாய் இப்படித்தான் வத்திப்போச்சு.

தம்பிக்கு முகம் செத்துருச்சு. "அக்கா, அது சொன்னதத்தானக்கா நான் செஞ்சேன்"னான். அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. லின்ட்டர் சொல்றத எல்லாம் அப்படியே செய்யக்கூடாதுன்னு அவனுக்கு சொல்லிக்குடுக்காம விட்டது நான். அதனாலதான் இத எழுதுறேன், இங்க மதுரையிலயும் சுத்துப்பட்டு காலேஜுகள்லயும் பைத்தானோ ஃபோர்ட்ரானோ வச்சு ஆராய்ச்சி பண்ற பிள்ளைக யாராச்சும் படிச்சா ஒரு ராத்திரியாச்சும் மிச்சமாகும்.

நாம எல்லாத்தையும் சேத்து லின்ட்டிங்னு ஒரே பேரா சொல்லிர்றோம், அங்கதான் மொத கோளாறு. அதுக்குள்ள மூணு வேற வேற ஆளு இருக்காய்ங்க. ஃபார்மேட்டர் கோடோட உருவத்த மட்டும் தொடும், ஸ்பேஸு, வரி எங்க ஒடையணும், கோட்டேஷன் ஒத்தையா ரெட்டையா, இம்புட்டுத்தான். லின்ட்டர் எதையும் தொடாது, படிச்சுட்டு இங்க பிசிறு இருக்கு அங்க பிசிறு இருக்குன்னு சொல்லும். 1978ல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதுன புரோகிராமுக்கு லின்ட்டுன்னு பேரு வச்சாரு, லின்ட்டுன்னா துணியில ஒட்டுற பஞ்சுப்பிசிறு, மில்லு சங்கு கேட்டு வளந்த ஊருக்கு அத வெளக்க வேண்டியதில்ல. மூணாவது ஆளு ஃபிக்ஸர், லின்ட்டர் சொன்ன கொறைய தானே திருத்துறேன்னு வர்றது. ஃபார்மேட்டர கண்ண மூடிக்கிட்டு நம்பலாம், ஃபிக்ஸர நம்பக்கூடாது. ஃபிக்ஸர் மெஷினா இருந்தாலும் சரி, எங்க தம்பி மாதிரி பொறுமையா உக்காந்து திருத்துற மனுசனா இருந்தாலும் சரி, ஒரே விதிதான்.

ஃபார்மேட்டர ஏன் நம்பலாம்னா, ப்ளாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல, 2018ல லூகாஷ் லாங்கா எழுதுனது, அது கோட மாத்தி முடிச்சதும் பழைய கோடையும் புது கோடையும் பைத்தான் எப்படி புரிஞ்சுக்குமோ அப்படி மரமா பிரிச்சு ரெண்டு மரமும் ஒண்ணுதானான்னு பாத்துட்டுத்தான் ஃபைல்ல எழுதும். ஒண்ணா இல்லாட்டி எழுதாது. நம்ம மாதிரி கணக்குப் போடுற ஆளுகளுக்கு இது பெரிய விசயம். 0.1ஐயும் 0.2ஐயும் மொதல்ல கூட்டி அப்பறம் 0.3ஐ கூட்டுனா பைத்தான் 0.6000000000000001ங்கும், பின்னாடி ரெண்ட மொதல்ல கூட்டுனா 0.6ங்கும். அடைப்புக்குறிய எடுத்துட்டு அழகா எழுதுறேன்னு மனுசன் கை வச்சா நம்பர் மாறும். ப்ளாக் கூட்டுற வரிசைய மாத்துற அடைப்புக்குறிய தொடவே தொடாது, இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதான்ங்குற குறியத்தான் எடுக்கும்.

சரி, சும்மா அழகுக்காக இம்புட்டு பாடான்னு கேப்பாய்ங்க. எங்க டிபார்ட்மென்ட்டுல நெறைய பேரு கேட்டாய்ங்க. எனக்கு அழகு ரெண்டாம்பட்சம். ஒரு தடவ ஒரு பையன் மாத்தி அனுப்புன கோட, யாரு எந்த வரிய மாத்துனாங்கன்னு பதிஞ்சு வக்கிற கிட்ல பாத்தேன், நானூத்திச்சொச்சம் வரி மாறியிருக்கு. அவனோட எடிட்டர் டேபையெல்லாம் ஸ்பேஸா மாத்திருச்சு, அம்புட்டுத்தான்க்கான்னான், நானும் நம்பி சேத்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு, அந்த நானூறு வரிக்கு நடுவுல ஒரே ஒரு வரியில தண்ணியா நெலமான்னு பிரிக்கிற எல்லைய 0லருந்து 0.1ஆ மாத்தி வச்சிருந்தான். அவன் கெட்ட எண்ணத்துல செய்யல, ஏதோ சோதிச்சுப் பாத்தவன் திருப்பி வக்க மறந்துட்டான். ஆனா அந்த ஒரு நம்பருக்கு கண்மாயோட கரையோரம் பூரா, ஆழம் கம்மியா இருக்க எடம், ஆகாயத்தாமரை அங்கொண்ணு இங்கொண்ணா மொளச்ச எடம் எல்லாம் தண்ணி கணக்குலருந்து போயிரும். ரெண்டு மாச ரிசல்ட்ட தூக்கி வச்சுட்டு திரும்ப ஓட்டுனோம். அன்னைக்கி ஃபார்மேட்டர் இருந்திருந்தா அந்த மாத்தத்துல ஒரே ஒரு வரிதான் செவப்பும் பச்சையுமா தெரிஞ்சிருக்கும், நான் பாத்த ஒடனே ஏன்டா இதன்னு கேட்டிருப்பேன். எல்லாரு கோடும் ஒரே அச்சுல வந்தாத்தான் அர்த்தம் மாறுன வரி கண்ணுல குத்தும். நான் ஃபார்மேட்டர் வேணும்னு நின்னதுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

அதுக்கப்பறம் வரி எத்தன எழுத்து நீளம் இருக்கணும்னு ஒரு சண்டை. பெப் 8ன்னு 2001லயே பைத்தானுக்கு ஒரு நடைமுறை எழுதி வச்சுட்டாய்ங்க, கைடோ வான் ராஸமும் இன்னும் ரெண்டு பேரும், அதுல 79. ப்ளாக்குல 88. எங்கள்ல ஒருத்தன் 120 வேணும், பெரிய மானிட்டர் எதுக்கு இருக்குன்னான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல முழம் போடுறப்ப பாத்திருப்பீங்க, நீளக்கை ஆளு அளந்தா ஒரு முழம், குட்டைக்கை ஆளு அளந்தா ஒரு முழம், வாங்குறவன் எந்தக் கைன்னு பாத்துக்கிட்டே நிப்பான். கை யாரோடதா இருந்தாலும் பரவால்ல, எல்லாருக்கும் ஒரே கையால அளந்தா சண்டை இல்ல. 88ன்னு வச்சோம், அதோட அந்தப் பேச்ச விட்டோம். ப்ளாக்குல மாத்திக்கிற செட்டிங்கே ரொம்ப கொறச்சலாத்தான் வச்சிருக்காய்ங்க, சண்டை வரக்கூடாதுன்னுதான். ஹென்றி ஃபோர்டு காரு எந்தக் கலர்ல வேணும்னாலும் வாங்கிக்கலாம், கறுப்பா இருக்குற வரைக்கும்னு சொன்னதா ஒரு பேச்சு உண்டு, அந்த பேருதான் இது. சைகிட்-லேர்ன் மாதிரி பெரிய அறிவியல் லைப்ரரியே 2021ல ப்ளாக்குக்கு மாறுச்சு. நாங்க இப்ப ரஃப்புக்கு வந்துட்டோம், 2022ல சார்லி மார்ஷ் ரஸ்ட் மொழியில எழுத ஆரம்பிச்சது, 2023லருந்து ஃபார்மேட்டரும் அதுலயே இருக்கு, லின்ட்டரும் ஃபார்மேட்டரும் ஒரே கையில முடிஞ்சிரும். எங்க பழைய லேப்டாப்லயும் எண்டர் தட்டுன மறு நிமிசம் கூட ஆகாது, தட்டி கைய எடுக்குறதுக்குள்ள முடிஞ்சிருது.

ஆனா சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க வச்சிருக்க விதிய அப்படியே தூக்கிட்டு வந்து அறிவியல் கோடுக்கு மாட்டாதீங்க. பேரு வக்கிறதுல ஒரு விதி இருக்கு, ஃபங்ஷனுக்குள்ள இருக்க வேரியபிள் எல்லாம் சின்ன எழுத்துல இருக்கணும்னு. கண்மாயிலருந்து ஆவியாப் போற தண்ணிக்கு கணக்கு போடுறப்ப பெரிய டி வெப்பநிலை, சின்ன டி நேரம். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு, போர்டுல அப்படித்தான் எழுதுவோம். விதிய கேட்டு பெரிய டியையும் சின்ன டியாக்குனா என்ன ஆகும், ரெண்டும் ஒரே பேரு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒக்காந்துக்கும், அதுக்கும் பைத்தான் ஒரு வார்த்த சொல்லாது. அந்த விதிய நாங்க மொத்தமா அணைச்சு வச்சுட்டோம். சமன்பாட்டுல இருக்க பேருதான் கோடுலயும் இருக்கணும், படிக்கிறவன் பேப்பரையும் கோடையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சரிபாப்பான்ல. அதே நேரம் சின்ன எல், பெரிய ஓ, பெரிய ஐ இந்த மூணு எழுத்த மட்டும் தனியா பேரா வக்காதன்னு ஈ741 சொல்லும் பாருங்க, அத விடவே மாட்டேன், சில ஃபாண்டுல சின்ன எல்ங்குற எழுத்தையும் 1ங்குற நம்பரையும் எந்தக் கண்ணாலயும் பிரிக்க முடியாது.

மேட்ரிக்ஸும் அப்படித்தான். கரைய கண்டுபிடிக்க சோபல் ஃபில்டர்னு மூணுக்கு மூணு போடுவோம், மைனஸ் ஒண்ணு சைபர் ஒண்ணு, மைனஸ் ரெண்டு சைபர் ரெண்டு, மைனஸ் ஒண்ணு சைபர் ஒண்ணு. மூணு வரியா நேருக்கு நேரா எழுதுனா தப்பு இருந்தா பாத்த ஒடனே தெரியும். ஃபார்மேட்டர் எடம் இருக்கேன்னு மூணையும் இழுத்து ஒரே வரியில ஒட்டிரும். அந்த எடத்துக்கு மேல ஃபார்மேட் ஆஃப்னும் கீழ ஆன்னும் கமென்ட் போட்டா தொடாம விட்டுரும். இதெல்லாம் ஏமாத்துற வேலை இல்ல, பெப் 8லயே ஒரு புராஜெக்டுக்குள்ள ஒரே மாதிரி இருக்குறதுதான் முக்கியம், விதி பொருந்தாத எடமும் உண்டு, அங்க நீயே யோசின்னு மொத பக்கத்துலயே சொல்லியிருக்காய்ங்க. அத யாரும் படிக்கிறதில்ல.

சைபர் வந்த அன்னைக்கே காலையில இன்னொண்ணும் நடந்துச்சு. வெளிய இருக்க லைப்ரரிய கோடுக்குள்ள கூப்புடுற வரிதான் இம்போர்ட், பயன்படுத்தாத இம்போர்ட் இருந்தா லின்ட்டர் எஃப்401ன்னு சொல்லும், ஃபிக்ஸர் அந்த வரிய எடுத்துரும். நல்ல விதிதான். ஆனா நாங்க ரியோ-எக்ஸ்அரேன்னு ஒரு லைப்ரரி இம்போர்ட் பண்ணுவோம், அதோட பேர கோடுல வேற எங்கயும் எழுத மாட்டோம், அத இம்போர்ட் பண்ணாலே போதும், எக்ஸ்அரேங்குற இன்னொரு லைப்ரரியோட டேட்டாவுக்கெல்லாம் டாட் ரியோன்னு ஒரு கை மொளச்சுரும், படத்த வெட்ட, ப்ரொஜக்‌ஷன் மாத்த எல்லாத்துக்கும் அந்தக் கைதான். லின்ட்டருக்கு இது எப்படித் தெரியும், பேரு எங்கயும் இல்ல, அப்ப தேவையில்லன்னு சொல்லிருச்சு, ஃபிக்ஸர் எடுத்துட்டுப் போயிருச்சு. மேட்பிளாட்லிப்ல முப்பரிமாண படம் போட ஆக்ஸஸ் 3டின்னு ஒரு இம்போர்ட் போடுவோம்ல, 2020ல 3.2 வர்றதுக்கு முந்தி அதுவும் இதே கதைதான். ஆனா இது ஓட்டுன ஒடனே எரர் குடுத்து நின்னுருச்சு, அஞ்சு நிமிசத்துல வரிய திரும்ப போட்டு பக்கத்துல லின்ட்டர் இத கண்டுக்காதன்னு சொல்ற நோக்யூஏங்குற கமென்ட் எழுதி, எதுக்காக இருக்குன்னும் ஒரு வரி எழுதி வச்சோம். கத்துற தப்பு நல்ல தப்பு. ராத்திரி வந்த சைபர் கத்தலையே, அப்பா மட்டும் அந்நேரம் போன் பண்ணாம இருந்திருந்தா வறண்ட வருசம்னு ரிப்போர்ட்டுல போயிருக்கும்.

ரஃப் எழுதுனவங்க இந்த வேறுபாட்ட நல்லா யோசிச்சிருக்காய்ங்க. ஃபிக்ஸ ரெண்டா பிரிச்சு வச்சிருக்கு, பத்திரமானது, பத்திரமில்லாதது. பத்திரமில்லாதது சும்மா ஃபிக்ஸுன்னு சொன்னா நடக்காது, அன்சேஃப்னு தனியா எழுதிக் கேக்கணும். ஈ712 அந்த ரெண்டாவது பட்டியல்லதான் இருக்கு, ஈக்குவல் ஈக்குவலுக்கு வேற அர்த்தம் வச்சிருக்க லைப்ரரியில நடத்தை மாறும்னு டாக்குமென்ட்டுலயே எழுதியிருக்கு. நம்பையும் பாண்டாஸும் அதத்தான செய்யுது, நம்ம சோலியே அதுலதான. அதனால அறிவியல் கோடுல அன்சேஃப்ங்குறத மொத்தமா ஓட்டாதீங்க. ஒரு விதி, ஒரு தடவ, ஒரு கமிட்டு, அதாவது கிட்ல ஒரு தனி பதிவு. நம்பை 2.0 2024ல வந்தப்ப பழைய பேரு நெறைய போச்சுல்ல, அதுக்கு ரஃப்புலயே என்பிஒய்201ன்னு ஒரு விதி இருக்கு, அத மட்டும் தனியா ஓட்டுனோம், எங்களுக்கு ரெண்டு நாள் வேலை மிச்சம்.

இப்ப நாங்க எப்படி பண்றோம்னா, மூணு கண்மாய், வண்டியூரு, மாடக்குளம், எங்க ஊரு, மூணுக்கும் மழைக்கு பிந்தி ஒரு தேதி, கோடைக்கு ஒரு தேதி, ஆக ஆறு நம்பர், கடைசி தசமம் வரைக்கும் ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கோம். எங்க ஊரு கண்மாய்க்கு அந்தத் தேதியில தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு அப்பாகிட்ட கேட்டு, கரைமேல நடந்தும் பாத்துட்டு வந்தேன். கோடுல எதைத் தொட்டாலும், ஒரு ஸ்பேஸ் மாத்துனாலும், அந்த ஆறு நம்பரும் திரும்ப ஓடணும். ஃபார்மேட்டர் ஓட்டுனா ஆறும் அப்படியே வரணும், துளி மாறக்கூடாது, இதுவரைக்கும் மாறல. ஃபிக்ஸ் ஓட்டி ஏதாச்சும் மாறுனா அங்கயே நிறுத்தி ஏன்னு பாக்கணும். பழைய கோடு பூராத்தையும் மொதல்ல ஃபார்மேட் பண்ணப்ப அது தனி கமிட்டு, அதுல வேற ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்த கமிட்டோட நம்பர ஒரு ஃபைல்ல எழுதி, எந்த வரிய யாரு எழுதுனதுன்னு காட்டுற கிட் ப்ளேமுக்கு இத கண்டுக்காதன்னு சொல்லலாம், 2019ல கிட் 2.23லருந்து அந்த வசதி இருக்கு. இல்லாட்டி எந்த வரிய கேட்டாலும் நான்தான் எழுதுனேன்னு காட்டும், ஆறு வருசத்துக்கு முந்தி எழுதுன அக்காவோட பேரு மறஞ்சு போகும், அவங்ககிட்ட கேக்கவேண்டிய கேள்விய என்கிட்ட கேப்பாய்ங்க.

ப்ரீ-கமிட்டுன்னு ஒண்ணு போட்டு வச்சா கமிட் பண்ற நேரத்துல தானா ஓடிரும். மொத தடவ அது தேவையானத எல்லாம் இறக்கும், ஊர்லருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுல வேலை பாக்குற பிள்ளைக அத டிபார்ட்மென்ட் நெட்லயே ஒருக்கா ஓட்டி வச்சுக்கங்க. ஜூபிட்டர் நோட்புக்குல அவுட்புட்ட அழிச்சுட்டு கமிட் பண்ண என்பிஸ்ட்ரிப்அவுட் போடுங்க. இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணுமில்ல.

இம்புட்டும் பண்ணாலும் சிக்காத தப்பு சிக்காது, அதையும் சொல்லணும். சாட்டிலைட் படம் பதினாறு பிட் முழு எண்ணா வரும், மைனஸுங்குறதே அதுல கெடையாது. பச்சை 800, இன்ஃப்ராரெட் 1000ன்னு ஒரு காஞ்ச நெலத்து பிக்சல் இருந்தா கழிச்சா மைனஸ் 200 வரணும்ல, வராது, சுத்தி வந்து 65336னு நிக்கும். அத 1800ஆல வகுத்தா 36க்கு மேல. என்டிடபிள்யூஐ மைனஸ் ஒண்ணுலருந்து ஒண்ணுக்குள்ளதான் இருக்க முடியும், ஆனா பாசிட்டிவா தண்ணியான்னு மட்டும் கேட்டா ஆமாங்கும், மானாவாரி காடெல்லாம் கண்மாயாயிரும். இந்த வரிய எந்த ஃபார்மேட்டரும் அழகா ஸ்பேஸ் விட்டு வச்சுட்டுப் போயிரும், ஒரு லின்ட்டரும் எங்களுக்கு இத சொல்லல. மொதல்லயே ஃப்ளோட்டா, அதாவது தசம எண்ணா மாத்தணும், அப்பறம் நம்பர் மைனஸ் ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கான்னு பாத்து, இல்லாட்டி எரர் குடுத்து நிக்கிற மாதிரி ஒரு அசர்ட் போடணும். அத நாமதான் எழுதணும்.

கடைசியா சாரோட ஃபோர்ட்ரான் கதை. எங்க சார்கிட்ட ஒரு பழைய புரோகிராம் இருக்கு, மழை பெஞ்சா ஓடையில எம்புட்டு தண்ணி வரும்னு கணக்கு போடுறது, ஃபோர்ட்ரான் 77. அத பைத்தானுக்கு மாத்துங்கன்னு குடுத்தாரு. மாத்துனோம், எங்க நம்பரு எப்பவும் அவரு நம்பர விட கூட வருது. மூணு வாரம் நாங்க எங்க கோடுலயே தப்ப தேடிக்கிட்டிருந்தோம், சாரோடது முப்பது வருசமா ஓடுற புரோகிராமாச்சே, அதப்போயி யாரு சந்தேகப்படுவா.

பழைய ஃபோர்ட்ரான்ல எடம்தான் எல்லாமே. மொத அஞ்சு கட்டம் லேபிளுக்கு, ஆறாவது கட்டத்துல சைபர் தவிர ஏதாச்சும் எழுதுனா மேல் வரியோட தொடர்ச்சி, ஏழுலருந்து 72 வரைக்கும்தான் கோடு. அதுக்கு மேல எழுதுனத கம்பைலர் பாக்கவே பாக்காது, பஞ்ச் கார்டு காலத்துல கடைசி எட்டு கட்டம் கார்டுக்கு வரிசை நம்பர் போட. இன்னொண்ணு, அறிவிக்காத பேர எழுதுனா திட்டாது, ஐயிலருந்து என் வரைக்கும் உள்ள எழுத்துல ஆரம்பிச்சா முழு எண்ணு, மத்தது எல்லாம் தசம எண்ணுன்னு அதுவே எடுத்துக்கும். இந்த ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு தம்பிதான் கண்டுபிடிச்சான், அதே இஸ் ட்ரூ தம்பி. ஜிஃபோர்ட்ரான்ங்குற கம்பைலர்ல வால்னு ஒரு ஆப்ஷன் போட்டா முக்கியமான வார்னிங்கெல்லாம் காட்டும்ல, அத போட்டு கம்பைல் பண்ணிப் பாத்தான். ஒரு வரி 72ஐ தாண்டி வெட்டுப்படுதுன்னு வந்துச்சு.

ஓடையில மழை இல்லாத நாள்லயும் ஊறி வர்ற தண்ணிய கடைசியா கூட்டுற வரி அது. க்யூபேஸ்னு பேரு, க்யூ-பி-ஏ-எஸ்-இ. சரியா 72ஆவது கட்டத்துல முடிஞ்சிருக்க வேண்டியது. யாரோ, எப்பவோ, இஃப்புக்குள்ள இருக்க வரி உள்ள தள்ளி இருந்தா படிக்க நல்லாருக்குமேன்னு ரெண்டு ஸ்பேஸ் தள்ளி வச்சிருக்காய்ங்க. எஸ்ஸும் இயும் 73, 74க்குப் போயிருச்சு. கம்பைலருக்கு க்யூ-பி-ஏன்னு ஒரு புது பேரு, தசம எண்ணு, எங்க மெஷின்ல அதுக்குள்ள சைபர். ஊறி வர்ற தண்ணி கூடவே இல்ல. நல்லது செய்றோம்னு வச்ச ரெண்டு ஸ்பேஸு. நான் மேல சொன்னேன்ல, ஸ்பேஸ மட்டும் தொடுற ஆள கண்ண மூடி நம்பலாம்னு, அது பைத்தானுக்கு, அதுவும் மரத்த ஒப்பிட்டுப் பாக்குற ஃபார்மேட்டருக்கு. இந்த மாதிரி மொழியில கையால ஸ்பேஸ் வச்சாலே கணக்க தொட்ட மாதிரி.

சார்கிட்ட எப்படி சொல்றதுன்னு ஒரு நாள் பூரா யோசிச்சோம். தம்பி அந்த வார்னிங்க அப்படியே பிரிண்ட் எடுத்துக்கிட்டு போயி, "சார், இதக் கொஞ்சம் பாருங்க சார்"னு மேசையில வச்சான். சார் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஸ்கேல எடுத்து ஒவ்வொரு கட்டமா எண்ணுனாரு. ரெண்டு தடவ எண்ணுனாரு. அப்பறம் பீரோவ தெறந்து ஓரத்துல ஓட்டை போட்ட அந்தக் காலத்து பிரிண்ட்அவுட் கட்டு ஒண்ண எடுத்தாரு, அதுல அந்த வரி 72லயேதான் முடிஞ்சிருந்துச்சு. ஃபைல்ல மாத்துனது யாருன்னு தெரிஞ்சுக்க வழியில்ல, அப்ப கிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப ஒவ்வொரு சப்ரூட்டின்லயும், அறிவிக்காத பேர ஏத்துக்காதன்னு சொல்ற இம்ப்ளிசிட் நன் போட்டு, ஃபோர்ட்ரான் 90ல வந்த 132 எழுத்து நடைக்கு மாத்திக்கிட்டிருக்கோம். சார்தான் ஸ்கேலோட பக்கத்துல உக்காந்திருக்காரு, தம்பி டைப் பண்றான். இன்னும் ஒன்பது சப்ரூட்டின் இருக்கு.